ஒரு மணித்தியால அமைதிக்கு உபயகாரன் நான்தான்

ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரும் ஒரு பழைய கார் பற்றரியும் வைத்து ‘பூமணி சவுண்ட்’ தொடங்கினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால் திரிந்தேன். தோணியில் ஸ்பீக்கரை ஏற்றி வாவியைக் கடந்து படுவான்கரை ஊர்களில் மைக் கட்டினேன். சூறாவளி என் கொட்டிலைத் தூக்கிக்கொண்டு போனது, மறுபடி கட்டினேன். சண்டைக் காலத்தில் சாவடிக்குச் சாவடி பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காட்டிவிட்டு, பூட்டிக்கொண்டு, நேரத்துக்குப் போய்ப் பாட்டுப் போட்டேன். கடல் வந்து என் சாமான் முழுவதையும் உப்பில் ஊறவைத்தது. வெயிலில் காயவைத்துப் பேசவைத்தேன். இரண்டு பெண் பிள்ளைகளுக்கு இரண்டு கல்வீடு கட்டிக் கொடுத்தேன். லொறி வாங்கினேன்.

இவையெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இந்தத் தொடரில் வாராவாரம் நானே சொல்லிவருகிறேன்.

நான் கட்டியவற்றில் பெரியது ஒன்று இருக்கிறது. அதற்குக் கல்லும் இல்லை, வயரும் இல்லை. அது ஒரு மணித்தியால அமைதி. சவுண்ட்காரன் அமைதி கட்டினானா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

பெட்டிக்குள் பேத்தி

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமைக் காலை. வாவிக்கரையில் என் லொறி நிற்கிறது. லொறிக்குள் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. திருத்துவதற்காக உள்ளே இருந்ததைக் கழற்றியிருந்ததால் வெறும் பெட்டி. அதற்குள் என் பேத்தி மிதுனா முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். வெளியே என் இளைய மகள் சுகந்தி நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வராமல் நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல பெட்டி. நானே பலகை அறுத்து, உள்ளே பஞ்சு ஒட்டிச் செய்தது.

மிதுனாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு மிகக் குறைவு. மற்றவர்களுக்குக் காதில் விழுகிற சத்தம் அவளுக்கு உடம்பில் வந்து விழுகிறது என்பாள் சுகந்தி. தொடக்கத்தில் நான், “இந்த வருத்தம் எப்ப மனே சுகமாகும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவள் சொல்லிவிட்டாள்: “இது வருத்தமில்லப்பா. அவள் அப்பிடித்தான். சுகமாக வேண்டியது நாமதான்.”

நாவற்குடாவில் சுகந்தியின் வீட்டு முன்ஹோலில் சனிக்கிழமைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் கூடுவார்கள். (ஹோல் அவ்வளவு பெரிதாக வந்தது மேசனின் பேச்சைக் கேளாமல் நான் அளந்தபடியால்.) களுதாவளையிலிருந்து வருவார்கள், காத்தான்குடியிலிருந்து வருவார்கள். ஓட்டமாவடியிலிருந்து றஸீனா மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி வருவாள்.

கூடி அழுவார்கள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் ஒரே சிரிப்பு. எந்த முடிவெட்டுகிறவர் மெஷினைப் போடாமல் கத்தரிக்கோலால் வெட்டுவார், எந்தக் கொண்டக்டர் பிள்ளை ஏறும்வரை பொறுத்து நிற்பார், வெள்ளைச் சோறு மட்டும் சாப்பிடுகிற பிள்ளைக்கு முட்டையை எப்படி ஒளித்து வைப்பது, எல்லாம் அங்கே பேசப்படும். ஒருத்திக்குச் செத்த வீடு என்றால் இன்னொருத்தி அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். வயல் வேலைக்கு ஆளுக்கு ஆள் மாறிக் கைகொடுப்போமே, அதே கணக்கு.

வரவேற்பென்றால் இதுதான் வரவேற்பு

அந்தத் தாய்மார் ஒருமுறை, குடும்பங்களோடு வாவிக்கரையில் கூடிச் சாப்பிடுவோம், பிள்ளைகள் விளையாடட்டும் என்று முடிவெடுத்தார்கள். என்னிடம் கேட்டது நிழலுக்கு ஒரு தறப்பாளும் கொஞ்சம் கதிரையும்.

தறப்பாளும் கதிரையும் மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக நான் என்ன கஞ்சனா? அம்மன் கோயில் வண்ணக்கர் மயில்வாகனத்திடம் சொன்னேன். கோயிலுக்குப் பொறுப்பானவர், எனக்கு மச்சான் முறை. அவர் ஊருக்குச் சொன்னார். ஊர் பொங்கி எழுந்தது. எங்கள் பகுதியில் ஒருவரை மதிக்கிறோம் என்றால் சத்தம் போட்டுத்தான் மதிப்போம். சத்தமில்லாத மரியாதை செத்த வீட்டில்கூட இல்லை. அங்கேயும் பறை உண்டு.

ஆகவே தாய்மாரும் பிள்ளைகளும் வான் வண்டியிலிருந்து இறங்கியபோது அவர்களுக்குப் பாண்ட் வாத்தியம் காத்திருந்தது. சீனவெடி காத்திருந்தது. மாலை, பொன்னாடை, பிரதம விருந்தினர், அவருக்குப் பின்னால் பேச இன்னும் ஐந்து பேர். எல்லாவற்றுக்கும் மேலே என் ஸ்பீக்கர்கள்.

பாண்ட்காரன் முதல் அடி அடித்தான். பிள்ளைகள் நாலு திசையிலும் பறந்தார்கள். ஒருத்தி மேசைக்குக் கீழே புகுந்து விரிப்பை இழுக்க, விருந்தினர்களின் சோடாக் கிளாஸ் எல்லாம் மண்ணில். மாலை போட வந்த கையை ஒருவன் கடித்தான். அது பிரதம விருந்தினருடைய கை. றஸீனாவின் மகன் நேரே வாவிக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். நிறுத்தச் சொல்லிக் கத்தினோம். பாண்ட்காரர்களுக்குக் கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள், இன்னும் பலமாக அடித்தார்கள்.

றஸீனா மகனைத் தூக்கிக்கொண்டு, நனைந்த உடுப்போடு என் முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, ஒங்கட அன்பக் கொஞ்சம் கொறச்சி வைக்க ஏலாதா? அதுக்குச் சுவிச்சி ஒண்டும் இல்லியா?”

மிதுனாவைக் காணவில்லை. தேடித் தேடிக் கடைசியில் அந்தப் பெட்டிக்குள் கண்டோம். அழவில்லை. பஞ்சில் கன்னத்தை வைத்துக்கொண்டு சுகமாக இருந்தாள். வெளியே வர மறுத்தாள்.

அப்போதுதான் சுகந்தி வாய் திறந்தாள்.

“அவள் இண்டைக்குத்தான் பெட்டிக்குள்ள போனவள். நான் எத்தன வருசமாப் பெட்டிக்குள்ள இருக்கன் தெரியுமாப்பா? கலியாண வீடு இல்ல. கோயில் இல்ல. இவள் நடக்கத் தொடங்கினாப் பிறகு அம்மன்ட குளிர்த்திக்கு ஒருக்காவாவது வந்திருக்கனா? நேத்தி வைச்சது அப்பிடியே கிடக்கு. ஊருச்சனம் என்ன கதைக்குது? நேத்தியக் கொண்டந்து வைக்கல்ல, அம்மன்ட கோவம் புள்ளயில இறங்கிட்டுதாம். எப்பிடி வாறது? கோயிலச் சுத்தி எட்டுக் குழாய்! ஆரு கட்டினது?”

“எட்டில்ல மனே, பன்ரெண்டு” என்றேன்.

அந்த நேரத்தில் அதைத் திருத்தியிருக்க வேண்டியதில்லை என்று என் மனைவி பூமணி இன்றைக்கும் சொல்கிறாள்.

மச்சானிடம் போனேன்

எங்கள் ஊரில் குளிர்த்தி என்றால் வருடத்தின் பெரிய நாள். வைகாசி வெயிலில், கோபத்தோடு வந்த அம்மனைக் குளிரப் பண்ணுகிற சடங்கு. பொழுது சாயும் நேரத்தில் வேப்பிலையைத் தண்ணீரில் தோய்த்து அம்மனுக்கும் தெளித்து, வந்தவர்களுக்கும் பூசாரியார் தெளிப்பார். அந்தத் தண்ணீர் பிள்ளைமேல் விழ வேண்டும் என்பதுதான் சுகந்தியின் நேர்த்தி.

வண்ணக்கர் வீட்டுக்குப் போனேன். குளிர்த்தி நேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் ஸ்பீக்கரை நிறுத்துவோம், மகள் பிள்ளையோடு வந்து போகட்டும், மற்றத் தாய்மாரும் வருவார்கள் என்றேன்.

மயில்வாகனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சவுண்ட்காரன் வந்து சத்தத்த நிப்பாட்டச் சொல்றான்! நாளைக்கு மீன்காரன் வந்து மரக்கறி தின்னச் சொல்லுவான்.”

“மச்சான், அம்மனக் குளிரப் பண்ணத்தானே சடங்கு? பன்ரெண்டு குழாயால காதுக்குள்ள கத்தினா அவ குளிருவாவா, இன்னும் சூடாகுவாவா?”

“இத்தன வருசம் கத்தினது நீ. இப்ப வந்து அம்மனுக்கு வக்கீல்!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உபயகாரர்ர பேர் வாசிக்காட்டி அடுத்த வருசம் ஆரு உபயம் செய்வான்? அதவிட, அக்கரையான் என்ன நினைப்பான்? இக்கரை அம்மனுக்கு வசதியில்லாமப் போச்சு எண்டு நினைப்பான்.”

அக்கரைக் கதைக்கு நானே காரணம். என் இளவயதில் குழாய்களை வாவிப் பக்கம் திருப்பிவைத்து, அக்கரைக் கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரம் எங்கள் கோயில் பாட்டுக் கேட்கும்படி செய்தவன் நான். அன்றைக்கு அந்த மாப்பிள்ளை எதைக் கேட்டுத் தாலி கட்டினான் என்று அவனுக்கே தெரியாது. அந்தப் புகழ் இப்போது என் காலையே சுற்றியது.

“ஏலாது மச்சான்” என்றார் வண்ணக்கர். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன். கேட்டுக் கிடைக்காததைச் செய்து எடுப்பதுதான் என் வழக்கம்.

மடியில் ஒரு பிளக்

முதல் வேலை, ஊரில் என்னை விட்டால் இருக்கிற மற்றச் சவுண்ட்காரனை அப்புறப்படுத்துவது. ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுக்கிற என் ஜெனரேற்றர் மெஷின் படுத்தால் வண்ணக்கர் உடனே அவனைத்தான் கூப்பிடுவார். குளிர்த்தி நாளன்று களுதாவளையில் ஒரு கலியாணத்துக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். அந்த ஓடரை அவனுக்குத் தாரைவார்த்தேன். அவன் என்னை வணங்காத குறை. “அண்ணன், ஒங்கட மனசு ஆருக்கு வரும்!” என்றான். உண்மைதான், வராது.

இரண்டாவது, சுகந்தியிடம் நேரத்தைச் சொன்னேன். “வண்ணக்கர் ஓம் எண்டாரா?” என்று கேட்டாள். “அம்மன் ஓம் எண்டிட்டா” என்றேன்.

பூமணிக்குச் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள். “முந்தாநேத்துத் துடக்கம் நீங்க ஒரு பெருமையும் அடிக்கல்ல. என்ன களவு செய்யப் போறீங்க?” என்றாள்.

குளிர்த்தி நாள். லொறியைக் கோயிலிலிருந்து தள்ளி, வாவியோரம் மருத நிழலில் விட்டிருந்தேன். உள்ளே அந்த வெறும் பெட்டி. ஜெனரேற்றர் அதற்கு இப்பால். ஓட்டோவில் சுகந்தியும் மிதுனாவும் வந்தார்கள். பின்னாலே வேறு நாலைந்து குடும்பங்கள். றஸீனாவும் மகனோடு வந்திருந்தாள். “கோயிலுக்குள்ள நான் வரல்ல ஐயா. உள்ள ஏலாமப் போற புள்ளயள இஞ்ச பெட்டியடியில நான் பாத்துக்கொள்ளுறன்” என்றாள். மிதுனா காதைப் பொத்திக்கொண்டு ஓடி, நேரே பெட்டிக்குள் ஏறிவிட்டாள்.

கோயிலில் உபயகாரர்களின் பெயர் முழங்கிக்கொண்டிருந்தது. நான் ஜெனரேற்றரை நிறுத்தினேன். ஒரு பெயர் பாதியில் நின்றது. மெஷினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். சூட்டில் விரல் வெந்தது.

திரும்பினால் மிதுனா. பெட்டியை விட்டு இறங்கி வந்து நிற்கிறாள். பிளக் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். நான் பிளக்கைச் சாரன் மடிக்குள் செருகினேன். மடியையும் பார்த்தாள். பிறகு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள். நடந்தாள் என்றால், தாயை இழுத்துக்கொண்டு போனாள்.

வண்ணக்கர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“என்ன மச்சான், செத்துப் போச்சா?”

“மூச்சு விடுதில்ல மச்சான்” என்றேன். அதற்குள் முழங்கை வரை கிறீஸ் பூசியிருந்தேன். நெற்றியிலும் கொஞ்சம்.

அவர் களுதாவளையில் இருந்த மற்றச் சவுண்ட்காரனுக்குப் போன் அடித்தார். அங்கே நாதஸ்வரம் கேட்டதாம். அவனுக்கு இவர் பேசியது கேட்கவில்லை. கடைசியில் கரண்ட் வேலை படித்த தன் மருமகனைக் கூட்டிவந்தார். பையன் குனிந்து பார்த்தவுடன், “மாமா, இதில பிளக்கக் காணல்லயே!” என்றான்.

“அதத்தானே தம்பி தேடுறன்! கழட்டித் துடைக்கக்குள்ள மண்ணில விழுந்துட்டு. ஒங்கட கண் இளங்கண். இஞ்சால தேடுங்க.”

கால்சட்டை மடிப்புக் கலைய அந்தப் பிள்ளை முழங்காலில் இருந்து மண்ணை அரிக்கத் தொடங்கினான். நான் அவனோடு சேர்ந்து உண்மையாகவே தேடினேன். நடிப்பென்றால் முழுமையாக நடிக்க வேண்டும்.

பூமணியின் வட்டா

மெஷினை நிறுத்த எனக்குத் தெரியும். குரவையை எப்படி நிறுத்துவது? குளிர்த்தித் தண்ணீர் தெளிக்கும்போது எங்கள் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டால் தென்னை ஓலை ஆடும். அதற்குப் பிளக் கிடையாது. அதை நான் யோசிக்கவே இல்லை.

பையனை மண்ணோடு விட்டுவிட்டுப் பந்தலோரம் போய் எட்டிப் பார்த்தேன். பந்தலுக்குள் பூமணி வெற்றிலைத் தட்டமான வட்டாவோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் வட்டாவை நீட்டினால் மறுக்க முடியாது. மறுத்தால் உறவை மறுத்த மாதிரி. நல்ல தடித்த வெற்றிலை, பெரிய பாக்குச் சீவல். “எடுகா. போடுகா. என்ட கையால தந்தா போட மாட்டியா?”

“சடங்கு நேரம் வெத்தில போடலாமாகா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அம்மனுக்கு மடையில வைக்கிறது என்னது, விசுக்கோத்தா?” என்றாள் பூமணி.

தண்ணீர் தெளிக்கும் நேரம் வந்தபோது பெண்கள் பக்கம் ஒரு வாய்கூடச் சும்மா இல்லை. கன்னம் உப்பியிருந்தது. ஒருத்தி முயன்று பார்த்தாள். முன்னால் இருந்தவளின் சேலை சிவந்ததுதான் மிச்சம்.

குளிர்ந்தது

ஏடு படிக்கிற மூன்று கிழவர்கள் மைக் இல்லாமல் வெறுந்தொண்டையில் பாடினார்கள். பின்னால் இருந்தவர்கள் கேட்பதற்காக முன்னே நகர்ந்து வந்தார்கள். பேசியவர்களை மற்றவர்கள் முறைத்தார்கள். என் மைக் இல்லாவிட்டால் அம்மனுக்கே கேட்காது என்று வருடக்கணக்காக நம்பியிருந்தேன். கேட்டது. (இந்த வரியை மட்டும் வெட்டியெடுத்து மற்றச் சவுண்ட்காரர்கள் காட்டித் திரியக் கூடாது.)

எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள்; அது கேட்டதா என்று கேட்காதீர்கள். வேப்பிலை உரசுவது கேட்டது. வாவியில் யாரோ தண்டு வலிப்பது கேட்டது. விரதம் இருந்த வண்ணக்கரின் வயிறு உறுமுவது பந்தல் முழுக்கக் கேட்டது.

சுகந்தி முன்னால் போனாள். சனம் விலகி வழிவிட்டது. மற்றத் தாய்மாரும் பிள்ளைகளோடு பின்னால் போனார்கள். பூசாரியார் வேப்பிலையைத் தோய்த்து ஓங்கியதும் மிதுனா பின்வாங்கினாள். பூசாரியார் அனுபவசாலி, கையை இறக்கி, வேப்பிலையை அவளிடமே நீட்டினார்.

அவள் வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள். தண்ணீர்ச் செப்புக்குள் தோய்த்தாள். தன் தலையில் தானே மெதுவாகத் தெளித்தாள். பிறகு தாய்க்கு. பிறகு பூசாரியாருக்கு. பிறகு அங்குமிங்கும் பார்த்து, அந்தக் கூட்டத்திலேயே மிகச் சூடாக இருந்த ஆளைச் சரியாகக் கண்டுபிடித்து, வண்ணக்கர் மயில்வாகனத்தின் முகத்தில் பளாரென்று ஒரு தெளி தெளித்தாள்.

சனம் சிரித்தது. வாயில் வெற்றிலை இருந்ததால் அதுவும் சத்தமில்லாத சிரிப்பு. வண்ணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுகந்தியைப் பார்த்தார். “எத்தின வருசமாப் போச்சு மனே ஒன்ன இஞ்ச கண்டு” என்றார்.

சுகந்தி அழவில்லை. என் மகள் அழுகிற ஆளில்லை. நான் கண்ணைத் துடைத்தது கிறீஸ் பட்டதனால்.

ஓட்டோக்கள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தெரிந்த பிறகு, மருமகன் பையனுக்குப் பக்கத்து மண்ணிலிருந்து பிளக்கைக் ‘கண்டெடுத்தேன்’. “நானும் அந்த இடத்தத்தான் தேடினன்” என்றான் பாவம்.

அம்மனோடு எனக்கு வழக்கில்லை

அடுத்த நாள் ஊர் முழுக்க ஒரே கதை. குளிர்த்தி நேரம் அம்மனே மெஷினை நிறுத்திவிட்டாளாம். நல்ல மெஷின், காரணமில்லாமல் நின்று, சடங்கு முடிந்ததும் வேலை செய்ததாம். குரவை போட வாய் திறந்தவர்களுக்குக் குரல் வரவில்லையாம். இதைச் சொன்னவளுக்கு இன்னும் வாய் சிவப்பு மாறவில்லை.

அடுத்த வருட நோட்டீசில் வண்ணக்கர் அச்சடித்தார்: அம்மனின் திருவுளப்படி குளிர்த்தி நேரம் ஒலிபெருக்கி பாவிக்கப்படமாட்டாது. குரவையும் சடங்கு முடிந்த பின்னர்தான். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். சுகந்தி வருகிறாள். எங்கெங்கோ ஊர்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அக்கரையிலும் இப்போது நிறுத்துகிறார்களாம், போட்டி.

நான் வாய் திறக்கவில்லை. “சொல்லிராதீங்கப்பா. சொன்னா அந்த ஒரு மணித்தியாலமும் போயிரும்” என்று சுகந்தி கேட்டிருந்தாள். என் வாயை மூடிவைத்திருந்ததுதான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை. கஷ்டத்தில் சூறாவளியெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

ஆனால் இந்த வருட வாவிக்கரை நாளில் நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. அங்கே இப்போது பாண்ட் இல்லை, வெடி இல்லை. பஞ்சு ஒட்டிய என் பெட்டிகள் உண்டு. பக்கத்தில் ‘பூமணி சவுண்ட்’ என்று பெயின்ற் அடித்திருக்கிறேன். கைதட்டுவதில்லை; கையை உயர்த்தி ஆட்டுவார்கள். அப்படி எல்லாரும் கையாட்ட, அமைதி தந்த பெருமகன் என்று வண்ணக்கர் மயில்வாகனத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியது என் மகள். அவர் உட்கார்ந்திருந்தது என் கதிரை.

“அவருக்குப் போட்டாத்தானேப்பா அவர் மாறமாட்டார்? நீங்க எங்கட ஆள்தானே” என்றாள் பிறகு. புத்திசாலி. என் பிள்ளையல்லவா.

அதனால்தான் இப்போது எழுதுகிறேன். இனிப் பயமில்லை. நோட்டீஸ் அடித்தாயிற்று, பொன்னாடை வாங்கியாயிற்று. எங்கள் பகுதியில் பொன்னாடை வாங்கியவன் பின்வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. மச்சான், இதை வாசித்துக் கோபம் வந்தால் மிதுனாவிடம் வாருங்கள், தெளித்துவிடுவாள்.

சாட்சி வேண்டும் என்றால் அதுவும் அவள்தான். இன்றைக்கும் என் வளவில் மெஷின் போட்டால் வந்து, ஒரு சொல் பேசாமல், என் மடிக்கு நேரே உள்ளங்கையை நீட்டுவாள். நிறுத்திக் கழற்றிக் கொடுத்துவிடுவேன். அதைப் பொத்திக்கொண்டு பெட்டிக்குள் போய் இருப்பாள். அவள் தரும்வரை தொழில் நிற்கும்.

அம்மனோடு எனக்கு வழக்கில்லை. அவள் விருப்பமில்லாமல் என் விரல் அந்தப் பிளக்கைத் திருகியிருக்காது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விரல் என்னுடையது, வெந்ததும் என்னுடையது. ஆகவே கோயில் நிருவாகத்திடம் பகிரங்கமாகக் கேட்கிறேன். பூவுக்கு உபயம் போடுகிறீர்கள், மோருக்கு உபயம் போடுகிறீர்கள். வருகிற வைகாசி நோட்டீசில், அமைதி உபயம்: ‘பூமணி சவுண்ட்’ சீனித்தம்பி, அவர் மனைவி பூமணி, பேத்தி மிதுனா என்று ஒரு வரி போட வேண்டும். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும்.

மைக்கில் வாசிக்க வேண்டாம்.